முதல் ராலி காரை வாங்குவதே சரி! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்னு தெரிஞ்சும் நாற்காலியை விடாம உட்கார்ந்திருக்கிற கோயமுத்தூர் மக்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. விஷயத்துக்கு வந்துடறேன்.

ராலின்னா மண் பாதையிலயும் ரோட்டுலயும் நேரக் கணக்கு வெச்சு ஓட்டற கார் பந்தயம். அதுக்கு முதல் காரை நாமே கட்டுவதா, கட்டி முடிச்ச காரை வாங்குவதா? எங்கள் அணி, வாங்குவதே. எதிரணித் தலைவர் இருபது நிமிஷம் பேசி, இறங்கும்போது ஒரு போடு போட்டுட்டுப் போனார். "கட்டின வண்டி பெத்த பிள்ளை, வாங்கின வண்டி தத்துப் பிள்ளை. என்னதான் இருந்தாலும் தத்து தத்துதான்" அப்படின்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு அப்புறமா வர்றேன். முதல்ல எங்க பெரியப்பா கதையைச் சொல்லணும்.

அவர் இந்தக் கூட்டத்துலதான் இருக்கார். எங்கேன்னு காட்ட மாட்டேன்.

2005-ல நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்ல வண்டி ஓட்டினார், முதல் இந்தியர். அவங்க அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு தடவை ஜெயிச்சவர். அந்த வருஷம் கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு டெங்குவும் மீதிப் பேருக்கு ராலியும் வந்த மாதிரி இருந்துச்சு. எங்க பெரியப்பாவுக்கு ரெண்டாவது. ஒரு பழைய மாருதி 800-ஐக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். மாடு வெளியே போச்சு.

"ஏனுங்க, எப்ப முடியுமுங்க?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. "தை நோம்பிக்குள்ள முடிஞ்சுரும் புள்ள"ன்னார். எந்தத் தைன்னு அவரும் சொல்லலை, பெரியம்மாவும் கேட்கலை.

முதல் வருஷம் வண்டியை உரிச்சார். சீட்டு, கதவுத் துணி, தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட், எல்லாம். ரெண்டாவது வருஷம் உள்ளே கூண்டு, அதாங்க ரோல் கேஜ். வண்டி உருண்டாலும் கூரை தலையில் இறங்காமத் தாங்கறது அதுதான். சர்வதேச விதிப்படி, சீட்டுக்குப் பின்னாடி நிக்கற முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் பைப், 2.5 மில்லி தடிமன். இல்லாட்டி 50-க்கு 2. அதுவும் சீம்லெஸ், அதாவது நெடுக ஒட்டு இல்லாத பைப். இவர் எங்கே போனார்? வீட்டு கேட் செய்யற பட்டறைக்கு. அவங்களும் பாசமாச் செஞ்சு குடுத்தாங்க. ஓரத்துல ஒரு சின்ன தாமரைப்பூ டிசைன்கூட வெச்சிருந்தாங்க! விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து வெர்னியரை வெச்சுப் பார்த்துட்டு, "அண்ணா, இதுல ரோஜாச் செடி படர விடலாமுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். மொத்தத்தையும் அறுத்துட்டு மறுபடி செஞ்சார். அது மூணாவது, நாலாவது வருஷம்.

தை பிறந்தால் வழி பிறக்கும்பாங்க. எங்க கொட்டகையில எலிதான் பிறந்துச்சு. வயரிங் பூராவும் தின்னுருச்சு. அது அஞ்சாவது வருஷம்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். கல்யாணம் நிச்சயமாகறதுக்கு முன்னாடியே பட்டுப்புடவை எடுக்கிற ஆளு எங்க பெரியப்பா. 2005-லேயே, வண்டி வந்த ரெண்டாவது மாசமே, பந்தயத்துக்கான சீட்டும் பெல்ட்டும் வாங்கிட்டார். பெல்ட்டை பிளாஸ்டிக் கவரோட பெரியம்மா பீரோவுல, அவங்க கூறைப்புடவைக்குப் பக்கத்துல, அந்துருண்டை போட்டு வெச்சார். மாசம் ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்துட்டுத் திரும்ப வைப்பார்.

ஆறாவது தை, 2011. வண்டி முடிஞ்சது! டெம்போவில் ஏத்தி, தேங்காய் உடைச்சு, ஒரு ராலிக்குக் கொண்டுபோறோம். முதல் நாள் ஸ்க்ரூட்டினி, வண்டி பரிசோதனை. அந்த அதிகாரி கூண்டைப் பார்த்தார், சரி. தீயணைப்பான், சரி. மொத்த கரண்டையும் துண்டிக்கிற கட்-ஆஃப் சுவிட்ச், சரி. பெரியப்பாவுக்கு மீசை மேலே போகுது. பெல்ட்டைக் கையில் எடுத்தார். "புத்தம் புதுசுங்க சார், கவரே இப்பத்தான் பிரிச்சேன்"னார் பெரியப்பா.

அதிகாரி பெல்ட்டைத் திருப்பினார். ஓரத்துல வெள்ளையா, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணி லேபிள் தெச்சிருக்கு. அதில் ஒரு வருஷம் போட்டிருக்கு. 2010.

நல்லாக் கேட்டுக்கங்க, திரும்பச் சொல்றேன். ஒரு நாள்கூடப் போடாத பெல்ட். அந்துருண்டை வாசம் போகாத பெல்ட். காலாவதி! அந்த ரகத்துக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு. "சார், ஒரு தடவைகூட மாட்டலீங்க சார்!" "மாட்டினாலும் மாட்டாட்டியும் 2010-தாங்க." "பாலா சார் இது, கெட்டுப்போறதுக்கு?" அவர் சிரிக்காம அடுத்து சீட்டைத் திருப்பினார். அதுவும் அதே கதை.

பெரியம்மா சொல்ற கதை வேற. அவங்க கணக்குல பெரியப்பா அங்கேயே உட்கார்ந்துட்டார், ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. பெரியப்பா கணக்குல அவர் கம்பீரமா நடந்து வந்தார். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வண்டி டெம்போவில் போச்சு, டெம்போவில் வந்துச்சு. அந்த ராலியில் எங்க குடும்பத்துல இருந்து ஓடின ஒரே வாகனம் அந்த டெம்போதான்.

அப்புறம் என்ன ஆச்சு? கையில் காசில்லை, வண்டியை ஒரு பையனுக்கு வித்தார். போட்டதுல கால்வாசி தேறலை. அந்தப் பையன் புது சீட்டு, புது பெல்ட் போட்டு ரெண்டே மாசத்துல ராலியில் ஓட்டிட்டான்! நடுவர் அவர்களே, ஆறு வருஷம் கட்டினவர் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு தூசி தின்னார். வாங்கினவன் ஓட்டினான். எங்க அணி வாதம் அவ்வளவுதான், உட்கார்ந்துடலாம். ஆனா நேரம் இருக்கே.

எதிரணியில் ரெண்டாவதா பேசின தம்பி, "கரிவரதன் கட்டலையா? இந்த ஊர் கட்டற ஊர்!"னு முழங்கினார். தம்பி, கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதிங்கற பந்தயக் காரைக் கட்டினார். செட்டிபாளையம் டிராக் இன்னைக்கும் அவர் பேரைத் தாங்கி நிக்குது. ஆனா அவர் கட்டினதுல ஏறி ஓட்டினது யாரு? நம்ம நாட்டு இளைஞர்கள். ஒருத்தர் கட்டினார், மத்தவங்க ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அது எங்க கட்சி தம்பி! கட்டற ஊருதான், ஒத்துக்கறேன். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரு. நேத்து ராத்திரி உங்க வீட்டு இட்லிக்கு மாவு எங்கே வாங்கினீங்க? பாக்கெட்டா இல்லையா?

கண்ணை மூடிட்டு வாங்கச் சொல்லலை. வண்டியோட பந்தய வரலாறு எழுதின லாக் புக்கைக் கேளுங்க. வண்டிக்கு அடியில படுங்க. முன்பக்கம் சஸ்பென்ஷன் ஏறி உட்கார்ற இடத்துல தகடு விரிஞ்சிருக்கான்னு பாருங்க. பெல்ட் தேதியைப் பாருங்க, நான் சொல்லணுமா? மிச்சக் காசை டயருக்கும் பெட்ரோலுக்கும் வெச்சுக்கங்க. பக்கத்து சீட்டு ஆள், வழியில வர்ற வளைவுகளைக் குறிச்சு வெச்ச நோட்ஸைப் படிக்கப் படிக்க, வளைவு கண்ணுல படறதுக்கு முன்னாடி கை திரும்பணும். அது கொட்டகையில் வராது.

சரி. தத்துப் பிள்ளை.

ஐயா, நீங்க சிரிக்கத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். நானும் சிரிச்சுட்டே கைதட்டினேன். ஆனா மூணு வயசுல என்னைப் பெத்தவர் என் கையைப் பிடிச்சு, குழந்தை இல்லாத தன் அண்ணன் கையில் குடுத்தார். இவ்வளவு நேரமும் மேடைக்காகப் பெரியப்பா, பெரியப்பான்னேன். வீட்ல அப்பான்னுதான் கூப்பிடறது. மாட்டுக்கொட்டகையில் ஆறு வருஷம் டார்ச் பிடிச்சது நான்தான்.

2013-ல அப்பா எனக்கு ஒரு வண்டி வாங்கினார். ராலி ஓடின மாருதி எஸ்டீம் கார். கூரையில ஒரு பள்ளம், யாரோ உருட்டினது. பின் ஜன்னல் பக்கம் பழைய ஓட்டுநர் பேரும் ரத்த வகையும் ஸ்டிக்கரா ஒட்டியிருந்துச்சு. வெந்நீர் விட்டு, நகத்தால கிள்ளி உரிச்சேன். ஸ்டிக்கர் போயிருச்சு, பேர் போகலை. சுத்திலும் வெயில்ல வெளுத்துப்போய், எழுத்து இருந்த இடம் மட்டும் புது பெயிண்டா மின்னிச்சு. பாலிஷ் போட்டுத் தேய்ச்சேன். அப்பவும் தெரியுது. பெயிண்ட் அடிச்சுரலாம்பான்னேன்.

அப்பா துணியை என் கையில இருந்து வாங்கிக்கிட்டார். "இருக்கட்டும் சாமி. பெத்தவன் பேரும் இருக்கட்டும். உன் பேரை அதுக்குக் கீழே ஒட்டு."

ஐயா, அந்த வண்டி என்னை எந்த ஆத்துலயும் விட்டுட்டுப் போகலை. இதுக்கு மேல வாதம் கைவசம் இல்லை.

மணி அடிச்சுட்டீங்க, இறங்கறேன். அந்தப் பழைய சீட்டும் பெல்ட்டும் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வேப்பமரத்துல ஊஞ்சலாத் தொங்குது, என் மகள் ஆடறா. தேதி முடிஞ்சதுன்னு அவகிட்ட யாரும் சொல்லலை. தீர்ப்பைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிருங்க நடுவர் அவர்களே. மூணாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டவருக்கு ஒன்பது மணிக்கு மாத்திரை. வண்டிச் சாவியும் அவர்கிட்டதான் இருக்கு.