ஐந்து பேருக்கு நன்றி என்று பாட முடியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாலை நேரத்தில் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் கும்பகோணத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

'திரைப்பாடலில் எண் வருவது ஓசைக்காகவா, பொருளுக்காகவா?' என்பது தலைப்பு. பொருளுக்காகவே என்று பேச வந்திருக்கிறேன். நான் 26 ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். எண்ணை வெறும் ஓசை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மெட்டு முதலில் பிறக்கிறது, கவிஞர் அதற்குச் சொல் தேடுகிறார், யாப்பின் சீர்க் கணக்கில் 'ஆயிரம்' என்பது கூவிளம், 'நூறு' என்பது தேமா, எந்த மெட்டிலும் வந்து உட்காரும், அதனால்தான் பாடலின் முதல் வரியிலேயே எண்கள் வந்து நிற்கின்றன என்றார். எண்ணை எடுத்துவிட்டு அதே அளவுள்ள வேறு சொல்லை வைத்தாலும் பாட்டு ஓடியிருக்கும் என்று முடித்தார். கைதட்டலும் கிடைத்தது. நான் அவருடைய சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். வேறு சொல்கூட வேண்டாம், எண்ணுக்குப் பதில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்ப்போம்.

1972இல் வந்த 'வசந்த மாளிகை'. கண்ணதாசன் எழுத, கே.வி. மகாதேவன் இசையில் டி.எம்.எஸ். பாடிய 'இரண்டு மனம் வேண்டும்'. அங்கே 'மூன்று மனம் வேண்டும்' என்று பாடிப் பாருங்கள். தாளம் தப்பாது, மெட்டும் பெரிதாகக் கெடாது. ஆனால் பாட்டு செத்துப்போகும். ஏன்? நினைத்து வாழ ஒன்று, மறந்து வாழ ஒன்று என்று அவன் கேட்கிறான். நினைக்கவும் வேண்டும், மறக்கவும் வேண்டும். இருப்பதோ ஒரே மனம். தேவை இரண்டு, கையிருப்பு ஒன்று. அந்தப் பற்றாக்குறைதான் அவன் கண்ணீர். அந்தக் கழித்தல் கணக்கை எடுத்துவிட்டால் அவன் அழுவதற்குக் காரணமே இல்லை.

அடுத்து, எங்கள் அணியின் முதல் சாட்சி என்று நான் நினைக்கும் பாட்டு. 1964, 'ஆண்டவன் கட்டளை'. விசுவநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள், டி.எம்.எஸ். குரல். 'ஆறு மனமே ஆறு'. இந்தப் பாட்டைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். விடியற்காலையில் டீக்கடை ரேடியோவில் வரும். மனதைத் தேற்றுகிற பாட்டு என்பதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், கட்டளை ஆறு என்று பாடுகிறாரே, அந்த ஆறும் பாட்டுக்குள்ளே இருக்கிறதா?" எனக்கு விடை தெரியவில்லை. சாக்பீஸை அவளிடமே கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் எழுதினாள்.

முதல் சரணம்: சொன்னதைச் செய்வது ஒன்று, துன்பத்துக்குள்ளும் இன்பத்தைக் காண்பது இன்னொன்று. சரணத்தின் முடிவில் 'இந்த இரண்டு கட்டளை' என்று வருகிறது. இரண்டாம் சரணம்: உண்மை ஒன்று, உயர்கிறபோது பணிவு ஒன்று. முடிவில் 'இந்த நான்கு கட்டளை'. மூன்றாம் சரணம்: ஆசை, கோபம், களவு என்ற மிருக மனத்தை விடுவது ஒன்று; அன்பு, நன்றி, கருணை என்ற பிள்ளை மனத்தைக் கொள்வது ஒன்று. முடிவில் 'இந்த ஆறு கட்டளை'. இரண்டு, நான்கு, ஆறு. அவள் ஆறாவதை எழுதி அடிக்கோடு இட்டபோது வகுப்பே கைதட்டியது. நான் கண்களைத் துடைத்துக்கொண்டேன், நடுவர் அவர்களே. அத்தனை வருடம் கேட்டும் அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை.

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். ஓசைக்காக வந்து உட்கார்ந்த எண், சரணத்துக்குச் சரணம் கூட்டல் பிசகாமல் ஏறுமா? இதில் இன்னொரு நயமும் உண்டு. ஆறு என்றால் எண், ஆறு என்றால் தணிந்துகொள், ஆறு என்றால் வழி. 'அறத்தாறு' என்று வள்ளுவர் சொல்கிறாரே, அந்த ஆறு. மனமே தணிந்துகொள், இதோ வழி, அது ஆறு கட்டளை. மூன்று பொருளும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. 'ஏழு மனமே ஏழு' என்று இதை யாராவது பாட முடியுமா?

இப்படி எழுத கண்ணதாசனுக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்றால், நம் மொழியில் இது பழைய வழக்கம். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போனால் தவறு. சாரங்கபாணி கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ஆராவமுதன் மீது திருமங்கையாழ்வார் பாடியது திருவெழுகூற்றிருக்கை. ஒன்று, இரண்டு, ஒன்று என்று தொடங்கும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படி ஏழு வரை ஏறி ஏறி இறங்கும். எழுதிப் பார்த்தால் தேர் வடிவம் கிடைக்கும். இதே வடிவில் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலைக்கு அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். சீர்காழிக்கு ஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அந்தத் தேரில் ஓர் எண்ணை உருவினால் அச்சாணியை உருவியதுபோல் ஆகும். ஔவையார் பிள்ளையாரிடம் பால், தேன், பாகு, பருப்பு என்று நாலைக் கொடுத்து, பதிலுக்குச் சங்கத்தமிழ் மூன்றைக் கேட்டாரே! நாலு கொடுத்து மூன்று வாங்குகிறவள் நஷ்டப்படவில்லை என்பதுதான் அந்த வெண்பாவின் அழகு. அந்த மூன்று தமிழ்தான் 1972இல் 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் 'மூன்று தமிழ் தோன்றியதும் உன்னிடமோ' என்று காதலியிடம் போய் நின்றது. இயல், இசை, நாடகம் என்று விரல் மடக்கத் தெரிந்த ரசிகர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி அது.

1975, 'அபூர்வ ராகங்கள்'. எம்.எஸ். விசுவநாதன் இசையில் வாணி ஜெயராம் பாடிய 'ஏழு ஸ்வரங்களுக்குள் எத்தனை பாடல்'. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஏழு என்பது கைக்குள் அடங்கும் எண். எத்தனை பாடல் என்பது விடை இல்லாத கேள்வி. அந்தச் சின்ன எண்ணுக்குள் அந்தப் பெரிய கேள்வியை அடைத்ததுதான் முதல் வரியின் வேலை. 'எட்டு ஸ்வரங்களுக்குள்' என்று பாடினால், இந்த மாவட்டத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று கேட்பான்.

இனி 'ஆயிரம்'. எதிரணியின் பெரிய ஆயுதம் அதுதான். ஆயிரம் நிலவு எங்கே இருக்கிறது, வாய் நிறைய ஒலிப்பதால் போட்டார்கள் என்றார் இரண்டாவதாகப் பேசிய நண்பர். அவர் எடுத்துக்காட்டியது 1969இல் வந்த 'அடிமைப்பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா'. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அப்போது இளைஞர். காய்ச்சலில் படுத்துவிட்டார், எம்.ஜி.ஆர். அவர் குணமாகும்வரை காத்திருந்து பாட வைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் குரலின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் நிலவுக்கு முன்னால் ஆயிரம் வந்து நிற்பதைத் தமிழன் காது எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் 'ஆயிரம் பிறை கண்டவர்' என்று யாரைச் சொல்கிறோம்? எண்பதைத் தாண்டியவரை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 80 ஆண்டுகளைக் கடந்து சில மாதங்கள் வரும். ஆயிரம் நிலவு என்றால் ஒரு மனிதர் நிறைவாக வாழ்ந்து முடித்த காலம். கவிஞர் இதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் சேர்ந்து ஒலிக்கும்போது, நம் தாத்தா பாட்டியின் சதாபிஷேகப் பந்தல் வரை எனக்கு நினைவு போகிறது. தொள்ளாயிரம் நிலவுக்கு அந்தத் தகுதி கிடையாது.

'பாவை விளக்கு' படத்தில் குற்றாலத்தைப் பார்த்து 'ஆயிரம் கண் போதாது' என்று பாடியதும் அப்படித்தான். இந்திரனுக்கு ஆயிரம் கண், மாரியம்மனுக்கு ஆயிரம் கண். தெய்வத்தின் கண்களைக் கடன் வாங்கினாலும் இந்த அருவியைப் பார்த்து முடியாது என்கிறது பாட்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'ஒரு' என்று தொடங்கும் பாடல்கள் எல்லாம் எண் பாடல்கள் ஆகிவிடாது. 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் 'பத்துக்குள்ளே நம்பர் ஒண்ணு சொல்லு' என்பது விளையாட்டுக்கு வந்த எண்தான். அதை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 'பாட்ஷா'வை நான் விட்டுத்தர மாட்டேன். 1995இல் தேவா இசையில் வைரமுத்து வாழ்க்கையை எட்டு எட்டாகப் பிரித்தார். முதல் எட்டு விளையாட்டு, இரண்டாம் எட்டு கல்வி, மூன்றாம் எட்டு திருமணம், நான்காம் எட்டு குழந்தை, ஐந்தாம் எட்டு செல்வம். அது தாளத்துக்காக வந்த எட்டு என்றார்கள். ஏழு ஏழாகப் பிரித்தால் படிப்பு 14 வயதில் நின்றுபோகும். பத்துப் பத்தாகப் பிரித்தால் முப்பதுவரை கல்யாணத்துக்குப் பொறுக்க வேண்டும், 1995இல் எந்த அம்மா பொறுத்திருப்பார்? எட்டால் வகுத்தால்தான் அன்றைய தமிழ் வீட்டின் வயதுக்கணக்கு சரியாக வருகிறது. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் 'நான் எந்த எட்டில் இருக்கிறேன்' என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நாம் எண்ணைச் சும்மா சொல்லும் மக்கள் இல்லை, நடுவர் அவர்களே. என் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்பார். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. மொய் எழுதும்போது நூறோடு நிறுத்த நமக்கு மனம் வராது, நூற்றொன்று என்று வைப்போம். அந்த ஒரு ரூபாயில் உறவு தொடர்கிறது. இப்படி எண்ணுக்குள் உயிரை வைத்திருக்கும் ஊரில் எழுதப்பட்ட பாட்டில் எண் மட்டும் எப்படி வெற்று ஓசையாக இருக்கும்?

மணி அடிக்கப்போகிறது. கடைசியாக ஒரு பாட்டு. 1972, 'சங்கே முழங்கு'. கண்ணதாசன் எழுதிய 'நாலு பேருக்கு நன்றி'. தாயில்லாத அனாதைக்கும் தோள் கொடுத்துத் தூக்கிப் போகிற நாலு பேருக்கு நன்றி சொல்லும் பாட்டு. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று வாழ்நாள் முழுவதும் பயப்படுகிறோமே, அதே நாலு பேர். பாடைக்கு நான்கு முனை. ஐந்து பேருக்கு இடமில்லை, மூன்று பேரால் முடியாது.

அந்த நாலு எவ்வளவு துல்லியமான எண் என்று எனக்கு 2020 மே மாதத்தில் தெரிந்தது. ஊரடங்குக் காலம். என் அப்பா மாரடைப்பில் போனார். தெருவின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். வெளியூரில் இருந்த உறவினர்களால் வர முடியவில்லை. தம்பி கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டும், அவன் தோள் கொடுக்க முடியாது. சித்தப்பா மகன் ஒருவன், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான். மூங்கிலும் தென்னை ஓலையும் வைத்துக் கட்டிய பாடை வாசலில் இருந்தது. பின்பக்கம் இடது முனைக்கு ஆள் இல்லை. அந்த முனையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர் ஒருவர் அந்த வழியாக வந்தார். எங்கள் தெருவுக்கு அதற்கு முன் வந்தவர் இல்லை. பார்த்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. வண்டியை எங்கள் வீட்டு மதில் ஓரமாக நிறுத்தினார். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அந்த இடது முனைக்குக் குனிந்தார்.

அவர்கள் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மே மாத வெயில். அவருடைய வண்டியில் கீரைக்கட்டுகள் தலை சாய்ந்துகொண்டிருந்தன. நான் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் வரும்வரை அந்தக் கீரைக்குத் தெளித்துக்கொண்டே நின்றேன். வந்தார், காலைக் கழுவினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்த நாலாவது மனிதருக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.