சிரிப்போடு போன கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். பல்லாண்டு அரசியலில் ஊறிய, வயதான தலைவர்கள் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிடலாமா? போட்டியிடலாம் என்பதே என் கட்சி. 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம். மேல் வரம்பு எதுவும் கிடையாது, வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எண்பதிலும் புத்தி தெளிவாக இருப்பவர்களை நாம் பார்க்கிறோம். என் குறையெல்லாம் வேறு. வயதைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்வது 1984-ஆம் ஆண்டுக் கதையை. 'மறுபடியும் ரீகனா' என்பார்கள் என்னைத் தெரிந்தவர்கள். இருக்கட்டும். அப்போது அதிபராக இருந்து மறுபடியும் போட்டியிட்ட ரொனால்ட் ரீகனுக்கு 73 வயது, எதிர்த்து நின்ற வால்டர் மாண்டேலுக்கு 56. முதல் விவாதத்தில் ரீகன் தடுமாறிவிட்டார். வயதாகிவிட்டதோ என்று பேச்சு கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து கன்சாஸ் சிட்டியில் அடுத்த விவாதம். ஒரு நிருபர் நேராகவே கேட்டார்: 1962-இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்த நெருக்கடியில் அதிபர் கென்னடி நாள்கணக்காகச் சரியான தூக்கமில்லாமல் இருந்தாரே, அப்படி ஒரு நிலை வந்தால் உங்களால் தாங்க முடியுமா?

அதில் சந்தேகமே இல்லை என்றார் ரீகன். அப்புறம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தேர்தலில் வயதை நான் ஒரு பிரச்சினையாக்க மாட்டேன், எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார். அரங்கமே சிரித்தது. மாண்டேலும் சிரித்துவிட்டார். 50 மாநிலங்களில் 49 ரீகனுக்குக் கிடைத்தன.

சாமர்த்தியமான பதில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிருபர் கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? சிரிப்போடு போயிற்று. 1994-இல் தமக்கு நினைவாற்றலை அழிக்கும் அல்சைமர் நோய் என்று ரீகனே நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதினார். பதவியில் இருந்தபோது அறிகுறி இல்லை என்றார்கள் அவருடைய மருத்துவர்கள். இருக்கலாம். ஆனாலும் கேள்வி கேள்விதானே?

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. தாத்தா இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார், போன மாதம் கேட்டில் இடித்தார். சாவியை வாங்குவது யார்? மருமகள் மகனைப் பார்ப்பாள், மகன் தன் அம்மாவைப் பார்ப்பான். கடைசியில் தாத்தாவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஜோ பைடன் கதையும் அதுவே. ஒரு வேடிக்கை, அவர் 1972-இல் டெலவர் மாநிலத்தில் செனட்டுக்கு, அதாவது நாடாளுமன்ற மேலவைக்கு, ஜெயித்தபோது வயது 29. தோற்றவர் 63 வயது கேலப் பாக்ஸ். பெரியவர் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்பதுதான் பைடன் பக்கத்துப் பிரசாரம்! அவரே 2024-இல், அதிபராக இருந்தபடியே, 81 வயதில் மறுபடியும் நின்றார். மினசோட்டாவின் டீன் பிலிப்ஸ் கட்சிக்குள் எதிர்த்து நின்றார், சீந்துவாரில்லை. ஃப்ளோரிடாவில் பைடன் பெயரை மட்டும் கட்சி கொடுத்ததால் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலே அங்கே நடக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் அவர் வார்த்தைக்குத் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21-இல் போட்டியிலிருந்து விலகினார். மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாக்காளர் கையை விட்டு எப்போதோ போயிருந்தது. அடுத்து வந்த டிரம்ப் பதவியேற்றபோது வயது 78. அங்கேயும் யார் கேட்டார்கள்?

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ரீகனிலேயே பாதி நேரம் போய்விட்டது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 25-ஆவது திருத்தத்தை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிபரால் பணியாற்ற முடியவில்லை என்று துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பாலோரும் எழுதிக் கொடுத்தால், பொறுப்பு துணை அதிபரிடம் போகும். 1967-இல் வந்தது. இந்த வழியில் இதுவரை எந்த அதிபரும் விலக்கப்படவில்லை. அந்த அமைச்சர்களை நியமிப்பவர் அதே அதிபர்தானே. நன்றி, வணக்கம்.