மீசை வைத்த அம்மாவும் மங்கோலிய அடிமையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற மரியாதையெல்லாம் எதிரணி செய்துவிட்டது, நேரம் மிச்சம்.

1924-இல் வந்த 'பாக்தாத் திருடன்' என்கிற ஹாலிவுட் மௌனப் படம் பல இனத்தவருக்குக் கொடுத்தது இடமா, வேடமா? வேடம்தான் என்கிறோம்.

எதிரணி நண்பர் ஒரு குத்து விட்டார்: "சீனப் பெண், ஜப்பானியர், கறுப்பினத்தவர் எல்லாரும் இருக்கிற படம். இதிலும் குறை சொல்கிறவர்கள், கல்யாணப் பந்தியில் வயிறு முட்டத் தின்றுவிட்டு உப்பு குறை என்கிற ரகம்." நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, உப்பைப் பற்றி யார் பேசினார்கள்? யாரை இலைக்கு முன்னால் உட்கார வைத்தீர்கள், யாரைச் சாம்பார் வாளி தூக்க வைத்தீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பாக்தாத் இளவரசியை மணக்க இந்தியா, மங்கோலியா, பாரசீகத்திலிருந்து மூன்று இளவரசர்கள் வருகிறார்கள். அந்தப் பாரசீக இளவரசரைப் பார்த்தீர்களா? உப்பிய கன்னம், ஓயாத தூக்கம். எழுப்பிவிடவே ஒரு ஆள்! அவர் பாரசீகரா? இல்லை, பிரான்சில் பிறந்தவர். போகட்டும். நடிகராவது நல்ல நடிகரா? நடிகரே இல்லை ஐயா, நடிகை! மத்தில்டு கோமோன்!

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு முறை சொல்கிறேன். பாரசீக இளவரசர் ஒரு பிரெஞ்சு அம்மா. மீசை வைத்த அம்மா. ஷிராஸ் கடைத்தெருவில் பறக்கும் கம்பளம் வாங்கிக்கொண்டு பெண் கேட்க வருகிற அம்மா! அம்மாவுக்கு மீசை வைத்து இளவரசன் ஆக்கத் தெரிந்தவர்களுக்கு, சீன வம்சாவளிப் பெண் அன்னா மே வோங்கை இளவரசி ஆக்க மட்டும் தெரியவில்லை.

சீன முகத்துக்கு இளவரசி ஒப்பனை சரிவராது என்பீர்கள். அன்று பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் என்கிற கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சிவப்பே தெரியாது. சிவந்த உதடு கறுப்பாக விழும், வெள்ளைக்காரர் கன்னச் சிவப்பு அழுக்காகத் தெரியும். அதனால் அவர்கள் முகத்திலும் கனமாகப் பூசியே ஆக வேண்டும். எல்லா முகமும் பூச்சு என்றான பிறகு, தடை முகத்தில் இல்லையே!

இந்திய இளவரசர் நோபிள் ஜான்சன் யார்? 1916-இல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கி, கறுப்பினத்தவர் வாழ்க்கையைக் கறுப்பினத்தவரே படமெடுக்க வழி செய்தவர்களில் ஒருவர். அவர் இங்கே கந்தகார்ச் சிலையின் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். ஜப்பானியர் சோஜின், மங்கோலிய வில்லன். இளவரசி யாருக்கு? திருடனாக நடித்த டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸுக்கு. சரி, அவர் எடுத்த படம், அவருக்கே.

அவர் கம்பளத்தில் பறக்க எஃகுத் தகடு, பியானோக் கம்பி, கிரேன் என்று எவ்வளவு யோசனை! அன்னா மே வோங்கை ஒரு படி ஏற்ற ஒரு யோசனையும் வரவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த பெண். அப்பா சலவைக் கடைக்காரர். 1922-லேயே வண்ணப் படத்தில் கதாநாயகி. இங்கே, 19 வயதில், இளவரசியைக் காட்டிக்கொடுக்கிற மங்கோலிய அடிமை. பிறந்த மண்ணிலேயே அந்நியப் பெண்ணாகவே நடித்து அலுத்து, 1928-இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். திரும்பி வந்தார். 1937-இல் சீன உழவர் குடும்பத்தைப் பற்றி 'தி குட் எர்த்' எடுத்தார்கள். சீனத்து மனைவியாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் யார்? லூயிஸ் ரைனர், ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்!

1961-இல் அன்னா செத்துப்போனார். 2022-இல் அமெரிக்க அரசு அவர் முகத்தைக் கால் டாலர் காசில் அச்சடித்தது. பெற்றவர்கள் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை.

மணி அடிக்காதீர்கள் நடுவர் ஐயா. செத்து 61 வருஷம் காத்திருந்தது அந்தப் பெண், அதற்காக எனக்கு ஒரு நிமிஷம் கூடக் கொடுக்கக் கூடாதா?