ஆறுக்கு எட்டு அடி சமையலறை: முதலில் கனமான பொருளுக்கு இடம்

(காட்சி: நங்கநல்லூர், இரண்டாவது மாடி ஃபிளாட். சமையலறை வாசலில் கேமரா.)

வணக்கம். இது எங்கள் அம்மாவின் சமையலறை. அகலம் ஆறு அடி, நீளம் எட்டு அடி, அவ்வளவுதான். போன மாதம் இதை மாற்றி அமைத்தோம். கார்பெண்டர் வந்ததும் லேமினேட் கேட்லாக்கைத்தான் விரித்தார். கலர் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "தினமும் எதைத் தூக்க, நகர்த்த உனக்குக் கஷ்டமா இருக்கும்மா?"

"கிரைண்டர், தண்ணி கேன், அரிசி டிரம், சிலிண்டர். வேற என்ன?"

இந்த நாலுக்கும் இடம் குறித்த பிறகுதான் மற்ற எதையும் தொட்டோம்.

(காட்சி: கேமரா மேடையை ஒட்டி மெதுவாக நகர்கிறது.)

எட்டடி மேடையை இப்படிப் பங்கு போட்டோம். கிரைண்டருக்கு ஒன்றரை அடி, சிங்க்குக்கு இரண்டு, அடுப்புக்கு இரண்டு. சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இரண்டரை அடி காலி. அங்கே எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது. கழுவி, நறுக்கி, அப்படியே வாணலியில் போடுகிற இடம் அது. சின்ன சமையலறைக்கு அழகே அந்தக் காலி இடம்தான் என்பேன்.

கிரைண்டரைக் கீழே அலமாரிக்குள் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாரம் இரண்டு முறை மாவு அரைக்கும் வீட்டில் யார் குனிந்து தூக்குவது? சிங்க் பக்கத்திலேயே இருந்தால், அரைத்ததும் கல்லை எடுத்துக் கழுவிவிடலாம்.

20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை வாசல் மூலையில் தரையிலேயே வைத்து, சார்ஜ் போடும் பம்ப் மாட்டினோம். தூக்கிக் கவிழ்க்கும் வேலை போச்சு. அரிசி டிரம்முக்குச் சக்கரம் வைத்த பலகை. ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போய்விட்டது.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் அழகை நினைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அந்த இடத்துக்குக் கதவே போடவில்லை. கட்டாயம் வேண்டும் என்றால் காற்று போக மேலும் கீழும் ஜாலி, அதாவது துளையுள்ள தட்டி, வைத்த கதவு போடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

(காட்சி: பழைய கடப்பா கல் துண்டு, மிக அருகில்.)

இது பழைய மேடை. வட்டமாக வெளிறிய தடம் தெரிகிறதா? பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடம். கடப்பா கல், மார்பிள் இரண்டையும் புளிப்பு அரித்துவிடும். தினமும் புளி கரைக்கும் நமக்கு கிரானைட்தான் சரி.

உயரத்துக்கு மேஸ்திரி 36 அங்குலம் என்றார். அம்மா ஐந்தடி. முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அதிலிருந்து நாலு அங்குலம் கீழே குறித்தோம். 33 அங்குலம் வந்தது. இப்போது தோளைத் தூக்காமல் நறுக்குகிறார்.

1926ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஆறடிதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. நின்ற இடத்திலிருந்து எதெது கைக்கு எட்டும் என்பதுதான் கணக்கு. அதனால் இடம் போதாது என்று சோர்ந்துவிடாதீர்கள்.

சிங்க்குக்குக் கீழே எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் கேளுங்கள். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், 6 ஆம்பியர் பிளக் தாங்காது.

(காட்சி: விளக்கு அணைந்து எரிகிறது.)

டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டினோம். கருப்பு கிரானைட்டில் கறிவேப்பிலை எப்படிப் பளிச்சென்று தெரிகிறது பாருங்கள்!

சரி, கலர்? வெளிர் கிரீம். அதை முடிவு செய்ய அம்மாவுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.

உங்கள் வீட்டிலும் ஆளைக் கூப்பிடும் முன் ஹால் தரையில் சாக்பீஸால் சமையலறையை முழு அளவில் வரையுங்கள். சமைப்பவரை உள்ளே நிற்க வைத்து, ஒரு காபி போடுவதுபோல நடந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறதோ, அங்கே கோட்டை அழித்து மறுபடி வரையுங்கள்.