பாயும் கேட்போம்: ஆற்றங்கரை அரங்கமும் நம் சனிக்கிழமையும்

(கான்சஸ் சிட்டியில், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, நம் பள்ளியின் முதல்வர் அம்மா அவர்களே, எவ்வளவோ வேலைகளுக்கு நடுவே வந்து, நம் மொழி புரியாவிட்டாலும் காலையிலிருந்து முதல் வரிசையை விட்டு எழாமல் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பேரனைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்த இடத்தில் நம் அழைப்பையும் ஏற்றுக்கொண்ட சிறப்பு விருந்தினர் பேராசிரியர் ஐயா அவர்களே, விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிய சமையற்குழுத் தாய்மார்களே, தந்தைமார்களே, ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பிகளே, எல்லாருக்கும் மேலாக என் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பேராசிரியர் ஐயா சற்றுமுன் ஔவையைப் பற்றிப் பேசியபோது மன்றமே கட்டுண்டு கிடந்தது. அதன் பிறகு கால்பந்தைப் பற்றிப் பேச ஒருத்தி எழுந்து நிற்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இதுவும் நம் பெண் குழந்தைகளைப் பற்றிய பேச்சுதான்.

மூன்று செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, இடம். இரண்டு, பணம். மூன்று, நம் நகரத்து அணியில் ஆடும் பெண்கள் எத்தனை நாடுகளிலிருந்து எத்தனை மொழிகளோடு வந்திருக்கிறார்கள் என்பது.

முதலில் ஒரு பழமொழி. ‘இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்’ என்பார்கள். என் பாட்டி காலத்திலிருந்து இதை வசையாகவே கேட்டு வந்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரவு தங்கு என்று சொன்னவர் பாய் கொடுக்க வேண்டாமா? வெறுந்தரையில் கிட என்று சொல்வதற்குப் பெயர் விருந்தோம்பலா? அந்தப் பழமொழியில் நான் எப்போதும் பாய் கேட்டவன் பக்கம்தான்.

கான்சஸ் சிட்டியில் பெண்கள் கால்பந்தின் கதை, பாய் கேட்ட கதை.

2013-இல் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. அந்த எட்டில் ஒன்று எஃப்.சி. கான்சஸ் சிட்டி. 2014-இல் சாம்பியன். 2015-இல் மறுபடியும் சாம்பியன். இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சியாட்டிலைத்தான் வென்றார்கள். அந்த இரண்டு ஆட்டங்களிலும் கான்சஸ் சிட்டி அடித்த மூன்று கோல்களையும் அடித்தவர் ஒரே பெண், ஏமி ராட்ரிகெஸ். இப்படிப்பட்ட அணி எங்கே ஆடியது தெரியுமா? ஓர் ஆண்டு பல்கலைக்கழக மைதானம், பிறகு பூங்கா ஓரத்துச் சிறு மைதானம். இடம் கொடுத்தார்கள், பாய் கொடுக்கவில்லை. 2017-இன் இறுதியில் அணியே கலைந்தது. வீராங்கனைகள் யூட்டாவுக்குப் போனார்கள். இரண்டு கோப்பைகளை வென்று வந்த ஊரில் அவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் நான் பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

2020 டிசம்பரில் யூட்டா அணியும் மூடப்பட, அந்த ஒப்பந்தங்கள் நம் ஊருக்கே திரும்பி வந்தன. ஆஞ்சி லாங், அவர் கணவர் கிறிஸ் லாங், பிரிட்டனி மஹோம்ஸ் ஆகியோர் பொறுப்பேற்றார்கள். 2021-இல் பேஸ்பால் மைதானத்தில் ஆடினார்கள். பட்டியலில் கடைசி இடம். அணிக்கு ஒரு பெயர்கூட அந்த ஆண்டின் முடிவில்தான் வந்தது: கரன்ட். நீரோட்டம் என்றும் பொருள், மின்னோட்டம் என்றும் பொருள். மிசௌரி ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு ஆண்கள் அணியின் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசி இடத்தில் இருந்தவர்கள் அந்த ஆண்டே இறுதி ஆட்டம்வரை போனார்கள். போர்ட்லாந்திடம் 2-0 என்று தோற்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ‘ஆண்கள் அரங்கமே கிடைத்துவிட்டதே, போதும்’ என்று இருந்திருப்பார்கள். இவர்கள் பாய் கேட்டார்கள். யாரிடமும் இரந்து நிற்காமல் தாங்களே பாய் நெய்தார்கள். ஆற்றின் தென்கரையில் துறைமுக அமைப்பின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 11,500 இருக்கைகளோடு ஓர் அரங்கம் கட்டினார்கள். பெண்கள் தொழில்முறை அணி ஒன்றுக்காகவே உலகில் முதன்முதலாக எழுப்பப்பட்ட அரங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். அது லண்டனிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. நாம் காய்கறி வாங்கப் போகும் சாலையிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் இருக்கிறது.

திறப்பு நாள் 2024 மார்ச் 16. சனிக்கிழமை. அன்று நடந்ததை நான் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து என் அம்மா வந்து எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்த காலம் அது. பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு விடுப்புச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “பிள்ளைகளை விட்டுவிட்டுப் பந்து பார்க்கப் போகிறாயா?” என்று கேட்டபடியேதான் காரில் ஏறினார். மடியில் ஒரு முறுக்கு டப்பா. உள்ளே அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லி, காரிலேயே வைக்கச் சொன்னேன்.

ஆற்றங்கரையில் நடந்துபோனோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஆற்றைப் பார்த்துவிட்டு அம்மா நின்றார். “புது வெள்ளம் வந்திருக்கிறது போல, இப்படிக் கலங்கி ஓடுகிறதே” என்றார். மிசௌரிக்கு எப்போதும் அந்த நிறம்தான் என்றேன். “பாமணி ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது இப்படித்தான் இருக்கும்” என்றார். அதன் பிறகு கோபம் குறைந்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டார்: “ஆண்கள் எந்தெந்த நாளில் ஆடுவார்கள்?”

“ஆண்கள் ஆடுவதில்லை அம்மா. இது இந்தப் பெண்களுடைய மைதானம்.”

“சரி, வாரத்தில் மற்ற நாட்களில்?”

“மற்ற நாட்களிலும் இவர்களுடையதுதான்.”

அம்மா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் அணியின் டிபெர்னார்டோ முதல் கோல் அடித்து, அரங்கமே எழுந்து கத்தியபோதும் அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பிறகு சொன்னார்: “நான் பள்ளியில் எறிபந்து ஆடினேன், தெரியுமா? எங்களுக்கும் மைதானம் இருந்தது. பையன்கள் ஆடி முடித்த பிறகு, ஐந்தரை மணிக்கு மேல் இருந்தது. ஐந்தரைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உன் தாத்தாவின் கட்டளை.”

நாற்பத்தெட்டு ஆண்டுகளாக எனக்குத் தாயாக இருப்பவர். எறிபந்து ஆடினார் என்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு அம்மாவை என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. நம் அணியில் அலெக்ஸ் ஃபைஃபர் என்ற சிறுமி ஒரு கோல் அடித்தாள். வயது 16. அந்த லீக்கில் அதுவரை அவ்வளவு சிறிய வயதில் யாரும் கோல் அடித்ததில்லை. “பதினாறா? பரீட்சை நேரம் ஆயிற்றே! அவள் அம்மா விட்டாளா?” என்று கேட்டு, பக்கத்து இருக்கை வெள்ளைக்காரப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆட்டம் முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போர்ட்லாந்து விடாமல் துரத்தியது. கடைசியில் 5-4. நாம் வென்றோம். நீலப்பச்சைக் கொடிகள் எல்லாத் திசையிலும் ஆடுகின்றன, ஆணும் பெண்ணும் அழுகிறார்கள். என் அம்மாவோ எதிரணியின் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், அந்தப் பெண் தனியாக நின்று ஐந்து வாங்கினாளே. பசியோடு இருப்பாள். அந்த முறுக்கு டப்பாவை எடுத்துவந்தால் கொடுக்கலாமா?” என்றார். கொடுக்க முடியாது என்று நான் விளக்கிச் சொல்லியும், வீடு வரும்வரை அந்த டப்பாவை அவர் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா அந்த அணியை ‘நம் பிள்ளைகள்’ என்றுதான் சொல்கிறார். மன்னார்குடிக்குப் போன பிறகும் தொலைபேசியில் முதல் கேள்வி என் உடல்நிலையைப் பற்றி இல்லை, ‘அந்த மலாவிப் பெண் எத்தனை அடித்தாள்?’ என்பதுதான். டெம்வா சாவிங்காவைச் சொல்கிறார். 2024-இல் 20 கோல். லீக்கில் ஒரே பருவத்தில் யாரும் அதுவரை அவ்வளவு அடித்ததில்லை. எதிரணி ஒன்றுகூட விடாமல் அத்தனை பேர்மீதும் அடித்தாள். சிறந்த வீராங்கனை விருது அந்த ஆண்டும் அவளுக்கு, அடுத்த ஆண்டும் அவளுக்கு. 2025-இல் நம் அணி 65 புள்ளிகளோடு லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அதுவும் சாதனை. பிறகு நம் அரங்கத்திலேயே காலிறுதியில் காத்தம் அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றோம். அந்த இரவு வாகன நிறுத்தத்தில் யாரும் யாரிடமும் பேசாமல் நடந்துபோன காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு ஊருக்கு ஒரு அணி எப்போது சொந்தமாகிறது என்று யாராவது கேட்டால், அந்த நடையைச் சொல்வேன்.

பணத்தைப் பற்றி. அரங்கத்துக்குச் சுமார் 12 கோடி டாலர், பெரும்பகுதி தனியார் பணம். அதற்கு முன்பே ரிவர்சைடில் பயிற்சிக்கூடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர். நகரம் டிராம் பாதையை ஆற்றங்கரைக்கு நீட்டும் வேலையை எடுத்தது. யாரும் போகாமல் கிடந்த கரைக்கு இன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறோம். நகரமன்ற உறுப்பினர் அம்மையாருக்கு என் மாணவி ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்த்துச் சொல்கிறாள், பார்க்கிறேன். அம்மையாருக்கு நன்றி என்று சொல், கண்ணே.

ஐந்து நிமிடம் என்று விழாக்குழுவிலிருந்து துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. ஆகவே நாடுகள், மொழிகள் பற்றிய மூன்றாவது செய்தியை விட்டுவிட்டு, எதற்காக எழுந்தேனோ அதற்கே வந்துவிடுகிறேன்.

நம் தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. இந்த ஊரில் சிறுவர் சிறுமியர் கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில். இரண்டுக்கும் ஒரே நேரம். என் வகுப்பில் இரண்டு பெண்கள் பந்து ஆடினார்கள். ஒருத்தி பந்துக்காகத் தமிழை விட்டாள். இன்னொருத்தி தமிழுக்காகப் பந்தை விட்டாள். தமிழாசிரியையான நான் இரண்டாமவளை நினைத்து மகிழ வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும்போது, ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு ஓடிய என் அம்மாதான் எனக்குத் தெரிகிறார்.

பெற்றோர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். பையன் என்றால் ஆட்டத்துக்கு அனுப்புகிறோம், தமிழை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். பெண் என்றால், பன்னிரண்டு வயதானதும், ‘பந்து போதும்’ என்கிறோம். வெயில் என்கிறோம், கறுத்துப்போவாள் என்கிறோம், முழங்கால் என்கிறோம். அவளை ஆடச் சொல்லி இடம் கொடுத்ததும் நாம்தான், பாயை உருவுவதும் நாம்தான். அந்தப் பழியைத் தமிழ் வகுப்பின் மேல் போடுவதற்கு நான் ஒப்பமாட்டேன். தமிழ் யாரையும் மைதானத்திலிருந்து இழுத்து வரக்கூடாது.

நான் கேட்பது மிகச் சிறியது. வகுப்பை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றுங்கள். நூலகக் கூடம் மூன்று மணி முதல் ஐந்து மணிவரை கிடைக்கும், நேரில் போய் விசாரித்துவிட்டேன். ஆசிரியர்களில் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூவருக்கும் ஞாயிறு வசதியில்லை என்றால், அவர்கள் வகுப்புகளையும் நானே சேர்த்து எடுக்கிறேன். சென்ற ஆண்டு நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னபோது ஓர் அன்பர், “டீச்சருக்கு இடம் கொடுத்தால் பாய் கேட்கிறார்” என்றார். ஆமாம், கேட்கிறேன். பாயும் கேட்கிறேன், தலையணையும் கேட்கிறேன்.

இன்னொன்று. கோடைவிடுமுறைக்கு முன்பு ஓர் ஆட்டத்துக்கு நம் பள்ளிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போகலாம். டிக்கெட் எளிதில் கிடைப்பதில்லை, ஆகவே பெயர்களை இன்றே தரவேண்டும். பாட்டிமார்கள், தாத்தாமார்கள் கட்டாயம் வரவேண்டும்.

நிர்வாகக் குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறு கூடுகிறது. வாசலில், காபி மேசைக்குப் பக்கத்தில், இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். வெள்ளைத்தாள் வகுப்பு நேர மாற்றத்துக்கு, மஞ்சள் தாள் டிக்கெட்டுக்கு. பேனாவும் அங்கேயே கட்டித் தொங்குகிறது. பந்து ஆடும் பெண் பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து தாங்களும் கையெழுத்துப் போடலாம். தமிழில் போடுங்கள். பிறகு சாப்பிடப் போகலாம், பொங்கல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.