மல்லிச் செடி பூக்கவே இல்லையா? உரத்தைக் கீழே வையுங்கள், கத்தரிக்கோலை எடுங்கள்!

(காட்சி: வாசலில் தொட்டிச் செடி. பச்சைப் பசேல். ஒரு மொட்டுகூட இல்லை.)

இந்தச் செடியைப் பாருங்கள். இலை எவ்வளவு தளதளவென்று இருக்கிறது! ஆனால் ஏழு மாதமாக ஒரு பூ இல்லை. உரம் போட்டாயிற்று, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றியாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. இன்றைக்கு இதைப் பாதியாக வெட்டப் போகிறேன். ‘ஐயையோ’ என்று கமெண்ட் போடக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். குண்டுமல்லி, மலாயில் மெலூர், தாவரவியலில் ஜாஸ்மினம் சம்பக். பிலிப்பைன்ஸ் 1934இல் இதைத் தேசிய மலராக்கிக்கொண்டது, இந்தோனேசியா 1990இல். நமக்கு 1960இல் செம்பருத்தி. அழகான பூதான். வாசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சரி, எதற்கு வெட்டு? குண்டுமல்லி முற்றிய கிளையில் பூக்காது. புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பெரும்பாலும் மூன்று மூன்றாக. அதில் நடு மொட்டு முந்திக்கொள்ளும். துளிர் இல்லையென்றால் பூவும் இல்லை. துளிர் வர வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கத்தரிக்கோலையே ஒளித்து வைத்துவிட்டார்! முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தன் மர வரிசையான நிரையைப் பிடித்து, மரம் மரமாகப் பட்டையைச் சீவிய கை அது. “இத்தனை வருஷம் மரத்தை வெட்டிட்டு, ஒரு செடிக்குப் போய் அழுறியே” என்றேன். “அது துரை மரம்டா. இது எஞ்செடி” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ரப்பர் வெட்டும் மல்லி வெட்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன! 1877இல் பக்கத்து ஊரான கோலகங்சாருக்கு ஒன்பது ரப்பர் கன்றுகள் வந்தன. பின்னாளில் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்கள் பிழைத்ததே வெட்டில்தான். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நன்றாக விழும். தமிழ்நாட்டு மல்லித் தோட்டங்களிலும் சூரியன் வருமுன்னே மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவார்கள். ரப்பரில் கத்தி ஆழமாக இறங்கினால் காயம் பட்டு, ஆறுகிற பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மல்லியிலும் மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். ஆக, வெட்டுவது தப்பில்லை, கண்டபடி வெட்டுவதுதான் தப்பு. அம்மா இதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் சாணைக்கல்லில் தீட்டிவிட்டு!

(காட்சி: கிட்டத்தில் ஒரு கணு, கத்தரிக்கோலின் நுனி.)

இதோ, இலை முளைத்திருக்கும் இந்தக் கணுவுக்குச் சற்று மேலே, கொஞ்சம் சாய்வாக ஒரு வெட்டு. தரையில் உள்ள செடியென்றால் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டுவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் கிளை எல்லாம் போகட்டும். மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். பார்க்க மொட்டைத் தலை மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள். என் இன்னொரு செடி ஏழாவது வாரம் மொட்டு வைத்தது.

தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து, அதாவது இந்த வெட்டு, செய்வார்கள், பூக்காலம் மார்ச்சில் தொடங்கும். நமக்கேது குளிர்காலம்? ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் வெட்டலாம். அடைமழை வாரம் மட்டும் வேண்டாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், கார் நிற்கிற கூரைக்கடியில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். தழைச்சத்து உரம் கூடினால் இலைதான் வரும், பூ வராது. பழம் உதிர்த்த செம்பனைக் குலை கிடைத்தால் மண்மேல் பரப்புங்கள், சாம்பல் சத்து நிறைய. மொட்டில் ஓட்டை இருந்து ஊதா நிறமாக மாறினால் உள்ளே புழு, பறித்து நசுக்குங்கள். அப்புறம் தொட்டிக்கடித் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. வேர் அழுகும் என்பது ஒரு பக்கம், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தால் அபராதம் வேறு!

வெட்டிய குச்சிகளை வீசிவிடாதீர்கள். குண்டுமல்லி விதை வைப்பது அபூர்வம், குச்சியோ பதியமோதான் அதற்கு வழி. இந்தச் செடியே தோட்டத்து லயன் வீட்டிலிருந்து தாமானுக்கு, அதாவது இந்தக் குடியிருப்புக்கு, மாறியபோது அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு குச்சிதான். மூன்று கணுவுள்ள துண்டு, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள்.

(காட்சி: அம்மாவின் கை, வரிசையாகப் பழைய மைலோ டின்கள்.)

நான் பேசிக்கொண்டிருந்ததற்குள் பதினோரு குச்சி ஊன்றிவிட்டார். எந்த டின் யார் வீட்டுக்கு என்றும் முடிவாகிவிட்டதாம். என் பெயரில் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.