தோற்ற ராத்திரிக்கு மருந்து புலம்பல்தான்!

நடுவர் ஐயாவுக்கும், மேடையில் இருக்கும் இரண்டு அணி நண்பர்களுக்கும், பொங்கல் அன்றைக்குக்கூடப் பந்தைக் கீழே வைக்காத வியாசர்பாடி மக்களுக்கும் வணக்கம். இதற்கு மேல் வணக்கம் வைத்தால் மணி அடித்துவிடுவார்கள்.

பின்னால் வந்து நிற்பவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 'பரம வைரியிடம் மயிரிழையில் தோற்ற கால்பந்து ரசிகனுக்கு மருந்து மறதியா, புலம்பலா?' மறதிதான் மருந்து என்று பேசினார் எதிரணித் தலைவி, பேராசிரியர் அம்மா. பேசி முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மைக் பக்கத்திலேயே மறந்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். எடுத்த தலைப்புக்கு இவ்வளவு உண்மையாக இருக்கிறவரை நான் பார்த்ததில்லை. இந்தாங்கம்மா, வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி இல்லாமலே அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என் அணித் தம்பி கூடச் சிரித்தான், அவனை நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். அம்மா கேட்டது இதுதான். "2014-இல் சென்னை ஃபுட்பால் டீமுக்குச் சொந்தக்காரர் அபிஷேக் பச்சன், மும்பைக்காரர். கூட்டாளி தோனி, ராஞ்சிக்காரர். கேரளா டீமுக்கு அன்றைக்குச் சொந்தக்காரர் சச்சின், அவரும் மும்பைக்காரர். உங்கள் கோச் இத்தாலிக்காரர், அவர்கள் கோச் இங்கிலாந்துக்காரர். கடைசியில் உங்களைத் தோற்கடித்த கோலை அடித்தவர் ஸ்காட்லாந்துக்காரர். இதில் வியாசர்பாடிக்காரர் நீங்கள் ஏன் சார் அழுகிறீர்கள்? கல்யாணத்துக்குப் பத்திரிகையே வைக்காதவன், மாப்பிள்ளை மாறிப்போச்சே என்று அழுவதைப் போல இருக்கிறதே!"

அம்மா, பத்திரிகை இல்லாமல் ஒரு தடவையாவது கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். பத்திரிகை வந்தவன் மொய் எழுதிவிட்டு வாட்ச்சைப் பார்ப்பான். பத்திரிகை வராதவன்தான் முதல் பந்தியில் உட்காருவான், ரசத்தில் உப்பு கம்மி என்பான், பெண் அழைப்பு லேட் என்று சத்தம் போடுவான், மாப்பிள்ளை தாலி கட்டும்போது அவன்தான் கண் கலங்குவான். ஏன்? அவன் கடமைக்கு வரவில்லை, ஆசைப்பட்டு வந்தவன். ரசிகனும் அப்படித்தான். சச்சினும் அபிஷேக்கும் எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நாங்களாகத்தான் போனோம், கவுண்டரில் காசு கொடுத்துப் போனோம். அழுவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

அம்மா சொன்ன அந்த ஸ்காட்லாந்துக்காரர் கோல் என்றைக்கு விழுந்தது என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். 2014 டிசம்பர் 16. ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கிய முதல் வருஷம், அரையிறுதி. இரண்டு ஆட்டங்கள் நடக்கும், இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் நம்மை 3-0 என்று அடித்து அனுப்பியது. மூன்றாவது கோலைக் கடைசி நேரத்தில் சுஷாந்த் மேத்யூ தூரத்திலிருந்து வளைத்து அடித்தார். இன்றைக்கு யூடியூபில் பார்த்தாலும் வயிறு எரியும், ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது. அப்படிப்பட்ட கோல்.

அடுத்த ஆட்டம் நம்ம நேரு ஸ்டேடியத்தில். மூன்று கோல் அடிக்க வேண்டும், ஒன்றுகூட வாங்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் சென்ட்ரலில் இறங்கி பெரியமேடு பக்கம் நடந்தால் மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே பிளாட்பாரத்தில் நடக்கின்றன. மஞ்சள் சட்டைக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு. மூன்று கோல் கையில் வைத்திருப்பவனுக்கு வரும் சிரிப்பு அது, நமக்கு வராது.

முதல் கோல் சில்வெஸ்ட்ர் போட்டார், 42-ஆவது நிமிஷம். சரி, ஒன்று. இடைவேளைக்கு அப்புறம் மணி ஓடுகிறது, கோல் இல்லை. 76-ஆவது நிமிஷம், பந்து அவர்கள் பாதுகாப்பு ஆட்டக்காரர் ஜிங்கன் மேல் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. இரண்டு! எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், பொட்டலத்தை அப்படியே மேலே வீசிவிட்டார். கடலை என் தலையில். 90-ஆவது நிமிஷம், ஆட்டம் முடியப்போகிறது, மிசோரம் பையன் ஜேஜே... மூன்று! அந்த ஸ்டேடியத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், கான்கிரீட் ஆடியது. முகத்தில் பூசியிருந்த நீலச் சாயம் வியர்வையில் ஒழுகி, எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்ததில் யார் சாயம் யார் சட்டையில் என்றே தெரியவில்லை.

மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரம் முப்பது நிமிஷம். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் பெனால்டி. பெரியவர் கீழே விழுந்த கடலையைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். 117-ஆவது நிமிஷம். ஸ்டீஃபன் பியர்சன். கோல்.

மூன்று நிமிஷம்தான் பாக்கி இருந்தது அம்மா! அதை மறக்கச் சொல்கிறீர்களே!

எங்கள் கோச் மாட்டராட்ஸி அன்றைக்கு எப்படி இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 2006 உலகக்கோப்பை ஃபைனலில் ஜிடான் தலையால் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டலை வாங்கியவர் அவர்தான். நெஞ்சில் அடி வாங்கி அனுபவம் உள்ளவருக்கே அன்றைக்கு அந்த நிலைமை என்றால், பெரம்பூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன எங்கள் நிலைமை?

மறதி மருந்து என்கிறார்களே, நானும் குடித்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் எழுந்ததும் முடிவு பண்ணினேன். நடந்ததை நினைக்கக் கூடாது, போய் ஒரு டீ குடிப்போம். தெருமுனைக்கு வந்ததும்தான் உறைத்தது. எங்கள் தெருமுனை டீக்கடை யாருடையது? சேட்டனுடையது. திருச்சூர்க்காரர்.

அப்படியே யூ டர்ன். பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடை. உள்ளே குருவாயூரப்பன் படம். மறுபடி யூ டர்ன். மெயின் ரோடு தாண்டி மார்க்கெட் பக்கம் போனால், தட்டில் பழம்பொரி அடுக்கி வைத்திருக்கிறது. அய்யா, இந்த மெட்ராஸில் ஒருவன் கேரளாவிடம் தோற்கலாம். ஆனால் தோற்ற மறுநாள் கேரளாக்காரர் கையால் டீ குடிக்காமல் இருக்க முடியாது! எங்கே போய் மறப்பது?

வேறு வழியில்லாமல் சேட்டன் கடைக்கே திரும்பி வந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "சேட்டா, ஒரு டீ." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபுட்பால் என்ற வார்த்தையே இல்லை. மஞ்சள் சட்டை போடவில்லை, சிரிக்கவில்லை. பாலை ஆற்றுகிறார், மேலே தூக்கி ஆற்றுகிறார். எனக்கு நிம்மதி, சரி, நல்ல மனுஷன், ஆட்டம் பார்க்கவில்லை போல என்று. டம்ளரை எடுத்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்தார். ஒரு ஸ்பூன் போட்டார். இரண்டாவது போட்டார். மூன்றாவது போட்டார். நான்காவதைக் கையில் எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சாரே, மூணு மதியோ? நாலு வேணோ?"

நடுவர் ஐயா சிரிக்கிறார், சிரிக்கட்டும். மூணா நாலா! 4-3 என்பதை ஒரு மனுஷன் சர்க்கரையிலேயே சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய? மூணு போதும் என்றால் தோல்வியை ஒத்துக்கொண்டதாகிவிடும். நாலு என்றால் அவர் ஜெயிப்பார். "சர்க்கரையே வேண்டாம், எடுத்துடுங்க" என்றேன். போட்ட சர்க்கரையை எப்படி எடுப்பது? போட்ட கோலைத்தான் எடுக்க முடியுமா?

அங்கேதான் புலம்ப ஆரம்பித்தேன். "அந்த மூணு நிமிஷம் மட்டும் தாண்டியிருந்தா..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கேஸ் சிலிண்டர் போட வந்த பையன், பால்காரர், எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு காரணம். அந்த பாஸ் கொடுத்திருக்கக் கூடாது என்கிறார் ஒருவர். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டிருந்தால் போதுமே என்கிறார் இன்னொருவர். பத்து மணி வரைக்கும் புலம்பினோம். நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது. ராத்திரி தூங்காதவன் மத்தியானம் தூங்கினேன். அம்மாவின் மறதி மருந்து மூன்று தெரு அலையவிட்டது. என் மருந்து ஒரு பெஞ்சில் வேலை செய்தது. இதற்குமேல் வாதம் வேண்டுமா?

எதிரணியில் ஒரு தம்பி, புலம்பல் முற்றினால் சண்டை வரும் என்றார். கல்கத்தாவைச் சொன்னார். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் கலவரமாகி 16 பேர் செத்தார்கள். தம்பி, அதை வைத்து நான் சிரிப்புக் காட்ட மாட்டேன். ஆனால் அது கை ஓங்கியதால் வந்தது, வாயால் வந்ததில்லை. அதே கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டுக்கு வீடு ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். தோற்ற வீட்டில் அடுத்த வீட்டு மீன் வாசனையை முகர்ந்துகொண்டு புலம்புவார்கள். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை 1-0 என்று சாய்த்த ஈஸ்ட் பெங்கால் கோலைப் போட்டது யார்? நம்ம மெட்ராஸ் பையன் நந்தகுமார்! அன்றைக்குக் கல்கத்தாவில் பாதி ஊர் நம்ம பையனால் புலம்பியது. எனக்கு அதில் ஒரு சின்ன திருப்தி, மறைக்கவில்லை.

அப்புறம், "அடுத்த வருஷமே கப் வாங்கினீர்களே, மறந்ததால்தானே வாங்கினீர்கள்" என்றும் அந்தத் தம்பி கேட்டார். தம்பி, மறந்தா வாங்கினோம்?

சேட்டன் கதையை முடித்துவிடுகிறேன், அதிலேயே பதில் இருக்கிறது. சர்க்கரை போட்ட அதே வாரம், டிசம்பர் 20, மும்பையில் ஃபைனல். கேரளா, கல்கத்தா. கோலே விழவில்லை, 90 நிமிஷம் ஆகிவிட்டது, இஞ்சுரி டைம் ஓடுகிறது. கார்னரிலிருந்து வந்த பந்தை ரஃபீக் தலையால் தட்டினார். கல்கத்தா 1, கேரளா 0. கப் போச்சு.

மறுநாள் காலையில் நான் எப்படிப் போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? குளித்து, பவுடர் போட்டு, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். வசனம் ரெடி. "சேட்டா, சர்க்கரை ஒண்ணா, சைபரா?" வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றால், அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கி வழிகிறது, பார்க்கவில்லை. என் வாயிலிருந்து வசனம் வரவில்லை அய்யா. நானே உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து ஒன்றுதான் சொன்னார். "இன்னும் ஒரு நிமிஷம் தாங்கியிருந்தா..." நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அவர் புலம்பினார், நான் கேட்டேன்.

அடுத்த வருஷம், 2015 டிசம்பர். என்ன நடந்தது என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம். நம்ம டீம் சொந்த மண்ணில் அரையிறுதி ஆட முடியாமல் புனேயில் போய் ஆடியது. சேட்டன் கடையில் இடுப்பளவு தண்ணீர். அடுப்பை எங்கள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தத் தெருவுக்கே அவர் டீ போட்டார், பால் இல்லாதபோது கட்டஞ்சாயா போட்டார், ஒருவரிடமும் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். எங்கள் வீட்டு டிவி. சேட்டனும் வந்து உட்கார்ந்தார். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னே போய்விட்டது. வீட்டில் ஒருவர் பேசவில்லை. சேட்டன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, போன வருஷம் எனக்கு நடந்தது இவங்களுக்கும் நடக்குதே" என்று புலம்புகிறார். எங்கள் டீமுக்காகப் புலம்புகிறார் அய்யா! 90-ஆவது நிமிஷம் கோவா கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் விட்டார், 2-2. இஞ்சுரி டைமில் மெண்டோசா, 3-2. என் அப்பாவுக்கு முழங்கால் வலி, எழுந்து நிற்கவே ஆள் வேண்டும். அவரைத் தூக்கிச் சுற்றியது யார் தெரியுமா? 4-3 என்று சர்க்கரை போட்ட அந்த மனுஷன். இரண்டு பேரும் அழுகிறார்கள். அப்பா இன்றைக்கு இல்லை. அன்றைக்கு அழுததை நினைத்து இன்றைக்கும் சேட்டன் அழுவார்.

மணி அடிக்கிறார்கள், அடிக்கட்டும். அதற்கப்புறமும் கேரளா இரண்டு ஃபைனல் தோற்றது, 2016-இல் சொந்த ஊர் கொச்சியிலேயே, 2022-இல் கோவாவில், இரண்டும் பெனால்டியில். இரண்டுக்கும் மறுநாள் காலையில் நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன்.

நடுவர் ஐயா, அவர் இங்கேதான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, மஞ்சள் சட்டை. சேட்டா, எழுந்திரிங்க! வெட்கப்படாதீங்க. மக்களே, கைதட்டுங்கள், எனக்கு வேண்டாம், அவருக்கு. ஐயா, தீர்ப்பு எழுதும் முன்னால் அவரிடம் ஒரு டீ சொல்லுங்கள். சர்க்கரை எத்தனை என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.